“மேல கொண்டு போங்க”

மேட்டூர் திறந்து முடிகொண்டான் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சு மாறிவிடும். விதை நெல், உரம், நடவு ஆள் கூலி. அதோடு இன்னொரு பேச்சும் வரும்: “பாத்துப் போ, வரப்புல பூச்சி கெடக்கும்.” நெல் விளைந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். வரப்பு முழுக்க எலி வளை. கிட்டி வைத்துப் பிடித்தாலும் தீராத எலி. ஐப்பசி மழையில் வயல் முங்கினால் பாம்புக்கு மேடு வேண்டும். நன்னிலம் வட்டத்தில் மேடு என்பது வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, அதை விட்டால் நம் வீட்டுத் திண்ணை.

இதெல்லாம் இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கடித்தால் ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறது என்பதும் தெரியும். அந்த ஊசியே ஆளைச் சாய்க்கக்கூடியது என்பது டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் தெரியும், நமக்கு யாரும் சொல்வதில்லை. ஆபத்தான சிகிச்சை என்றாலே இருதயத்தை மாற்றுவது, மூளையைத் திறப்பது, அதெல்லாம் சென்னையில் நடப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே ஒரு டியூட்டி டாக்டரும் ஒரு சிஸ்டரும் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில், சேறு காயாத காலோடு வந்து படுத்திருக்கும் ஒருவருக்குப் போடலாமா, வேண்டாமா என்று யோசிக்கிற அந்த ஊசிக்கு அவற்றோடு சேர்த்து இடம் கொடுக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும்.

அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தையும் குதிரை தாங்குகிற அளவில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு அதற்கு எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்துகொள்ளும். பிறகு ரத்தம் எடுத்து, தெளிநீரைப் பிரித்து, சுத்தம் செய்து, உலரவைத்துப் பொடியாக்கிக் குப்பியில் அடைப்பார்கள். நான்கு பாம்புக்கும் ஒரே மருந்து. அதனால் கடித்தது எது என்று தெரியாவிட்டாலும் வைத்தியம் நிற்காது. செத்த பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் கவனிக்கவும். செத்ததாக நினைத்த பாம்பு வழியில் இன்னொருவரைக் கடித்த கதையெல்லாம் உண்டு.

என்னதான் சுத்தம் செய்தாலும் அது குதிரையின் புரதம். மனித உடம்பு அதை அந்நியனாகத்தான் பார்க்கும். சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், சிலருக்குக் குளிர் ஜுரம். சிலருக்கு மட்டும் தொண்டை வீங்கி, மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் சட்டென்று கீழே போகும். இந்தக் கடைசி வகைதான் டாக்டர்களின் தூக்கத்தைக் கெடுப்பது. நிமிடக் கணக்கில் உயிர் போகலாம்.

இது எவ்வளவு சகஜம் என்பதற்கு இலங்கையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2011இல் வெளிவந்தது. பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து, இந்தியத் தயாரிப்பு மருந்து ஏற்றப்பட்ட 1,007 பேரைக் கவனித்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் எதிர்வினை வந்தது. அப்படி வந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கடுமையாகவே வந்தது. படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவலி மாத்திரைக்கு இந்தக் கதி இருந்தால் கடையிலேயே விற்க விடமாட்டார்கள்.

அதே ஆராய்ச்சியின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். மருந்து ஏற்றுவதற்கு முன்பே மிகச் சிறிய அளவு அட்ரினலினைத் தோலுக்கு அடியில் போட்டவர்களுக்கு, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்வினைகள் 43 சதவீதம் குறைந்தன. வழக்கமாக முன்கூட்டிப் போடுகிற மற்ற இரண்டு மருந்துகளால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அப்படியே எதிர்வினை வந்துவிட்டாலும் அதை மீட்கும் மருந்தும் இந்த அட்ரினலின்தான். விலை மலிவு, எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் இருப்பது. ஏறிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்து, தொடையில் அட்ரினலின் போடு, மூச்சைப் பார், ஆள் தேறியதும் மறுபடி மெதுவாகத் தொடங்கு. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஒரு காலத்தில் தோலில் துளி மருந்து போட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். அந்தச் சோதனை யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதைச் சரியாகச் சொல்வதில்லை, நேரம்தான் போகிறது என்று உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாம் என்கிறது.

ஆக, பயப்பட வேண்டிய மருந்துதான். ஆனால் பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொண்டால் சமாளிக்கக்கூடிய பயம். விஷத்தின் கதை அப்படி இல்லை.

எங்கள் உறவில் ஓர் அத்தை. வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி விரியன் கையில் போட்டுவிட்டது. முதலில் மந்திரிக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். வேப்பிலை அடித்து, மிளகு கொடுத்து, “காரம் தெரியுதா?” என்று கேட்டு முடிக்க ஒரு மணி நேரம். கை வீங்கத் தொடங்கிய பிறகு ஓர் ஆஸ்பத்திரி. எது என்று கேட்காதீர்கள், பெயர் இங்கே முக்கியம் இல்லை. அங்கே மருந்து இருந்தது. இருந்தும் அந்தச் சின்ன வயது டாக்டர், “இங்க வசதி பத்தாதுங்க, மேல கொண்டு போங்க, லேட் பண்ணாதீங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது ஈறிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது, சிறுநீர் நின்றுவிட்டது. அப்புறம் டயாலிசிஸ், வாரக்கணக்கில் படுக்கை. பிழைத்துவிட்டார்.

பல மாதம் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம். மருந்தை வைத்துக்கொண்டே அனுப்பிவிட்டானே என்று. அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: “அந்தப் புள்ள ஊசி போட்டு நான் செத்திருந்தா, நீங்கள்லாம் அவனைச் சும்மா விட்டிருப்பீங்களா?”

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும். ஊசி போட்டு பத்தாவது நிமிடத்தில் ஆள் சாய்ந்தால் “ஊசி போட்டுக் கொன்னுட்டான்” என்போம். கண்ணாடி உடையும், சாலை மறியல் நடக்கும், போனில் படம் பிடிப்பார்கள். ஊசி போடாமல் அனுப்பி, ஆம்புலன்ஸில் உயிர் போனால் “பாம்பு கடிச்சி செத்துட்டாரு” என்போம், சுடுகாட்டுக்குப் போவோம். முதல் சாவுக்குக் கணக்குக் கேட்க ஊரே வரும், இரண்டாவதற்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். அந்த இருபத்தாறு வயது டாக்டர் இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் இல்லை. ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008இல் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதனால் அவர் செய்தது சரி ஆகிவிடாது. அரசு நெறிமுறைப்படி முதல் தவணை மருந்தை அங்கேயே தொடங்கிவிட்டுத்தான் அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் “மேல கொண்டு போங்க” என்ற வார்த்தையை அவர் வாயில் வைத்ததில் நமக்கும் பங்கு உண்டு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

சரி, நேரம் போனால் என்ன ஆகிறது?

கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியைத் தின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க லேப், மெஷின் எதுவும் தேவையில்லை. இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இருபது நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்க வேண்டும். தண்ணீர் போல ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. இந்தச் சோதனைக்குக் கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் பொறுமையும் போதும். பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் விடை தப்பாக வரும். அந்தக் குழாய் ஓடிய பிறகு காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சிறுநீரகம் விலை கொடுக்கிறது. பிழைத்த சிலருக்கு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் பாதிக்கப்பட்டு, மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்துத் தெரியவரும். ஓயாத அசதி, தாடி மீசை வளராமல் போவது, பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது. பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். “கடிபட்டதிலேருந்து ஆளே டல்லாயிட்டாரு” என்று நம் ஊரில் சொல்லப்படும் யாராவது இருந்தால், ஹார்மோன் சோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

கட்டு விரியன் வேறு மாதிரி. ராத்திரி நடமாடும், தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். வலி தெரியாது, பல்லின் தடம்கூடத் தேடினால்தான் கிடைக்கும். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடும் தசையும் நின்றுபோகும். இந்த விஷம் நரம்பின் நுனியையே சேதப்படுத்திவிடுவதால் ஏற்கெனவே நடந்த சேதத்தை ஊசியாலும் திருப்ப முடியாது. மேற்கொண்டு ஆகாமல் தடுக்கத்தான் முடியும். நரம்பு தானாகத் துளிர்க்கிறவரை, நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், வென்டிலேட்டர் மூச்சு கொடுக்க வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், அந்த மனிதர் கண் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல் கிடப்பார். ஆனால் நாம் பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பார்ப்பவர்கள் மூளைச்சாவு என்று நினைத்துவிடுவது உண்டு. அப்படி நினைத்து வென்டிலேட்டரைக் கழற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கட்டு விரியன் கடித்தவருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் எழுந்து வந்துவிடுவார்.

நல்ல பாம்பின் நரம்பு விஷத்துக்கு இந்த அளவு பிடிவாதம் இல்லை. விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் என்ற ஊசியும் போட்டால் தொங்கிய இமை கண்ணெதிரே உயர்வதைப் பார்க்கலாம் என்று ஓர் அரசு டாக்டர் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சுருட்டை விரியன் வறண்ட நிலத்துப் பாம்பு. நம் சேற்றுப் பூமியில் அதன் தொல்லை குறைவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடிபட்ட எல்லோருக்கும் இந்த ஊசி தேவை இல்லை. சாரை கடித்திருக்கலாம், தண்ணீர்ப் பாம்பு கடித்திருக்கலாம், விஷப் பாம்பே விஷம் இறக்காமல் கடித்திருக்கலாம். அறிகுறி தெரிந்தால்தான் போட வேண்டும். ஆகவே டாக்டர் உடனே ஊசி எடுக்காமல் படுக்க வைத்துக் கவனித்துக்கொண்டிருந்தால் அது அலட்சியம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் கவனிப்பது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் நடக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பியோ பஸ் ஏற்றியோ கவனிக்க முடியாது. அறிகுறி தெரிந்துவிட்டால் முதல் தவணை எட்டு முதல் பத்துக் குப்பி. மூன்று வயதுக் குழந்தைக்கும் அதே அளவு. ஆள் சின்னதாக இருக்கிறது என்று பாம்பு விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லையே.

நம் ஜில்லாக்களுக்குப் பாம்புக்கடியோடு பழைய உறவு. திருப்புகலூர் தாண்டி நாகூர்ப் பக்கம் போனால் திருமருகல். விஷம் தீண்டி இறந்த வணிகனைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பிய தலம். திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர். அங்கே அப்பூதியடிகளின் மகன் வாழை இலை அரியப் போய்க் கடிபட, அப்பர் பாடி எழுப்பினார். திருமருகல் வணிகனுக்குக் கடி விழுந்தது இரவில், மடத்தில் படுத்திருந்தபோது. கட்டு விரியனாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். சைவப் பெரியவர்கள் மன்னிக்கவும்.

அற்புதம் மட்டும் இல்லை, மருந்தும் தஞ்சாவூரிலிருந்து போயிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘தஞ்சாவூர் மாத்திரை’ என்று பாம்புக்கடிக்கு ஒரு மருந்து வெள்ளைக்காரர்களிடையே ஏகப் பிரசித்தம். உள்ளே இருந்தது வெள்ளைப் பாஷாணம், பாதரசம், இன்னும் சில நச்சு மூலிகைகள். விஷத்தை விஷத்தால் முறிக்கும் கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர் பேட்ரிக் ரஸ்ஸல் இதை நாய்களுக்கும் கோழிகளுக்கும் கொடுத்துச் சோதித்தார். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இது இருக்கிறது. பெயருக்குத் தக்க பலன் அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலப் பெயர் இவர் பெயர்தான். மாத்திரை மறைந்துவிட்டது, மந்திரிப்பது மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாரையும் தண்ணீர்ப் பாம்பும் கடித்தவர்கள் எல்லாம் மந்திரிக்கிறவர் கையால் பிழைத்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர் பெயர் கெடுவதற்கு வழியே இல்லை.

நாம் இன்று போட்டுக்கொள்ளும் ஊசியின் கதையும் ஒரு நெல் டெல்டாவில்தான் தொடங்குகிறது. 1891இல் வியட்நாமின் மெகாங் டெல்டாவில் பாக் லியு பக்கம் மழை வெள்ளத்தில் நல்ல பாம்புகள் கிராமத்துக்குள் புகுந்தன. பலர் கடிபட்டார்கள், சிலர் இறந்தார்கள். பிடித்த பாம்புகளை ஒரு பீப்பாயில் அடைத்து, சைகோனில் புதிதாகத் தொடங்கிய பாஸ்டர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த இளம் டாக்டர் ஆல்பெர் கால்மெட். நம் குழந்தைகள் கையில் தழும்பு விடும் பி.சி.ஜி. ஊசியில் ‘சி’ என்பது இவர்தான். பிரான்ஸ் திரும்பி 1895 வாக்கில் குதிரை ரத்தத்திலிருந்து நல்ல பாம்பு விஷமுறிவைத் தயாரித்தார். தன் மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று அவர் நம்பியதுதான் பிசகு. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின், பம்பாயில் ஜார்ஜ் லாம்ப், பிரேசிலில் விட்டல் பிரேசில் என்று ஆளாளுக்குச் சோதித்து, அந்தந்தப் பாம்புக்கு அதனதன் மருந்துதான் வேலை செய்யும் என்று காட்டினார்கள். அதனால்தான் நான்கு விஷம் கலக்கும் ஏற்பாடு.

அந்த நான்கு விஷமும் இந்தியா முழுமைக்கும் எங்கிருந்து போகிறது தெரியுமா? பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியிலிருந்து. பாம்புத்தோல் வியாபாரம் தடை செய்யப்பட்ட பிறகு பிழைப்பு இழந்த இருளர்களுக்காக, ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது. பாம்பைப் பிடித்து வந்து, பானையில் வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல்: பாம்பு ஒரே இனமாக இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறும். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பிடித்த பாம்பின் விஷத்தால் செய்த மருந்து வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் சரியாகக் கேட்பதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுநகர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அந்த விதத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

குதிரையே வேண்டாம் என்ற நிலைக்கு ஆராய்ச்சி நகர்ந்துகொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் இதே சுநகர் குழுவும் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து ஆய்வகத்தில் உருவாக்கிய மனித எதிர்ப்புப் பொருள் ஒன்று, நல்ல பாம்பு, கட்டு விரியன் வகைகளின் நரம்பு விஷத்திலிருந்து எலிகளைக் காப்பாற்றியது. 2025 ஜனவரியில், வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் குழுவினர் கம்ப்யூட்டரில் வடிவமைத்த புரதங்களும் எலிகளைக் காப்பாற்றின. அதே ஆண்டு வந்த இன்னொரு செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்: டிம் ஃப்ரீட் என்ற அமெரிக்கர் பதினெட்டு வருஷம் தனக்குத்தானே பாம்பு விஷத்தை ஏற்றிக்கொண்டவர், கடியும் வாங்கியிருக்கிறார். அவர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருள்களோடு வரெஸ்பிளாடிப் என்ற மருந்தைச் சேர்த்து, நல்ல பாம்புக் குடும்பத்தின் 19 இனங்களின் விஷத்துக்கு எதிராக எலிகளில் சோதித்தார்கள். நம் ஊர் வாட்ஸ்அப்பில் “எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து கண்டுபிடிச்சாச்சு” என்று அது சுற்றியது. அந்தப் பத்தொன்பதில் கண்ணாடி விரியனின் குடும்பமே கிடையாது. என் அத்தையைக் கடித்த பாம்புக்கு அது பதில் இல்லை.

எனக்கு இவற்றில் ரொம்பவும் பிடித்தது அந்த வரெஸ்பிளாடிப்தான். வாய்வழி கொடுக்கிற மருந்து. வரப்பிலிருந்து ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே கொடுத்துவிட முடியும் என்றால் எவ்வளவு நேரம் மிச்சம்! இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கடிபட்ட மனிதர்களிடமே சோதித்துவிட்டார்கள். 2024இல் வந்த முடிவு: குறித்து வைத்த முக்கிய இலக்கை எட்டவில்லை, சீக்கிரம் கொடுத்தவர்களிடம் மட்டும் பலன் இருக்கலாம் என்ற சாயல். இன்னும் சோதிக்க வேண்டும். சோதனையில் சேரச் சம்மதித்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். கை வீங்கிக்கொண்டிருக்கும்போது படிவத்தில் கையெழுத்துப் போடுவது லேசான காரியமா?

இதற்கெல்லாம் காசு ஒதுக்க அரசாங்கத்துக்கு எண்ணிக்கை வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள், ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் என்று வீடு வீடாக விசாரித்து நடத்திய ஆய்வு 2020இல் சொன்னது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில். அரசுப் பதிவேடுகளில் அதில் சின்னத் துண்டுதான் ஏறுகிறது, ஏனென்றால் பலர் ஆஸ்பத்திரிக்கு வெளியே இறக்கிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இனி தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குக் கொடுக்க வேண்டும். நல்ல காரியம். இதோடு, அனுப்பி வைக்கப்பட்டு வழியில் இறந்தவர்களையும் தனியாக எண்ணினால் இன்னும் நல்லது என்பது என் அபிப்பிராயம். எங்கிருந்து, எத்தனை மணிக்கு, முதல் தவணை போடாமல் அனுப்பினார்கள் என்று ஏட்டில் ஏறினால் “மேல கொண்டு போங்க” குறையும். கூடவே, நெறிமுறைப்படி மருந்து போட்டு எதிர்வினையால் நோயாளி இறந்தால் அந்த டாக்டருக்குத் துணையாகத் துறை வெளிப்படையாக நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் பயன். ஒன்றை மட்டும் செய்தால் அந்தச் சின்ன டாக்டர்களை இரண்டு பக்கமும் அடிப்பதாகிவிடும்.

2010இல் திருவாரூரில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நமக்கு எவ்வளவோ தேவலை. அதற்கு முன் பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூர்தான். ஆனால் திருவாரூரும் அடுத்த படிதான். முதல் படி பக்கத்து ஆஸ்பத்திரி.

வயல் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் சிலதைச் செய்து வையுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாம்புக்கடி ஊசி இருப்பு உண்டா, ராத்திரியில் டாக்டர் இருப்பாரா என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், சினிமாவில் வருகிற மாதிரி வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்தால் கட்டுவது போலக் குச்சி வைத்து அசையாமல் பிடித்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரத் தாமதம் என்றால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். தரையில் படுப்பவர்களுக்குக் கட்டில் வாங்க வசதி இல்லாவிட்டால் கொசுவலையாவது கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் டார்ச் கொடுத்து அனுப்புங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தயங்கினால் சத்தம் போடாதீர்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்னால் போய், “சார், இந்த மருந்து ஒத்துக்காமப் போகலாம்னு எங்களுக்குத் தெரியும். அட்ரினலினைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு முதல் தவணையை இங்கயே போட்டு விடுங்க. என்ன ஆனாலும் உங்க மேல பழி சொல்ல மாட்டோம்” என்று சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.